கடன் என்ற சொல்லும் ஹாலே நகரத்துக் கணக்கும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு இங்கே ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கனடாவில் இருப்பவர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருட்டியிருக்கும். மாதக் கடைசி என்பது மட்டும் நம் எல்லோருக்கும் பொது. வாடகை, வங்கித் தவணை, ஊருக்கு அனுப்ப வேண்டியது, பிள்ளை கேட்ட பொருள் என்று நான்கையும் ஒரே சம்பளத்துக்குள் அடக்கப் பார்க்கும் நேரம் இது.

இலக்கியக் கூட்டத்தில் இவன் வீட்டுச் செலவைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்றால் குற்றம். அதையே பன்மையாக்கி 'ஷுல்டன்' என்றால் கடன். நான் மொழி வகுப்பில் இந்தச் சொல்லைப் படித்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வங்கியில் கடன் வாங்கியவரையும் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானவரையும் ஒரே வேர்ச்சொல்லால் குறிக்கிற மொழி அது.

தமிழில் கடன் என்ற சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன், பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் கடன். எல்லாமே செய்ய வேண்டியவை, கடமைகள். தமிழில் கடன்பட்டவர் என்றால் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டியவர். ஜெர்மனில் கடன்பட்டவர் மேல் தவறு செய்தவர் என்ற நிழலும் விழுகிறது.

இந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்திப்பதை மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வரும் செபத்தில் பார்க்கலாம். லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 'ஷுல்ட்' என்று இருக்கும் இடத்தில், புரொட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் 'கடன்' என்று இருக்கிறது. கத்தோலிக்கர்கள் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'குற்றம்'. ஜெர்மன்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டதைத் தமிழர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவே இப்படிச் சொற்கள் போய் வந்த பாதையில் ஒரு முக்கியமான நிறுத்தம் ஹாலே. சாலே ஆற்றங்கரையில், லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். சீகன்பால்கு படித்த ஊர், தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்ட ஊர், நம் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகிற ஊர் என்று இந்தக் கூட்டத்தில் பலருக்கும் அதைத் தெரியும். இன்று நான் அந்த ஊரின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கப் போகிறேன். பொருள் மீது ஆசை, கையில் உள்ள பணம், இரண்டுக்கும் நடுவில் கடன் என்ற மூன்றும் அங்கே முந்நூறு ஆண்டுகளில் எப்படியெல்லாம் நடந்திருக்கின்றன என்று பார்ப்போம். ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு எது தேவை, எது ஆசை என்று முடிவு செய்கிறவர் யார்?

1692-ல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற இளம் போதகர் ஹாலேவின் மதிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற பகுதிக்கு வந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் வந்து போன ஊர். சுமார் 200 வீடுகளில் 37 மதுக்கடைகள் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். வியாழக்கிழமைகளில் பிச்சை கேட்டு வருகிறவர்களுக்குப் பிராங்கே ரொட்டி கொடுத்தார். பிறகு பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுப் பாடமும் சொன்னார். பள்ளிக் கட்டணத்துக்கு என்று அவர் கையில் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு சில வீட்டார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

1695-ல் அவர் வீட்டில் வைத்திருந்த உண்டியலில் யாரோ ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டுவிட்டுப் போனார். ஒரு தாலருக்கு 24 குரோஷன். பிராங்கேவுக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்தது. நேர்மையான முதல் கிடைத்துவிட்டது, இதில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கலாம் என்று முடிவு செய்தார். புத்தகங்கள் வாங்கினார், பாடம் சொல்ல ஓர் ஏழை மாணவரை அமர்த்தினார். 27 புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 4 மட்டுமே திரும்பி வந்தன. அவர் மறுபடியும் புத்தகம் வாங்கினார். இந்த முறை பாடம் முடிந்ததும் புத்தகத்தைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

இந்த 23 புத்தகங்களைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பிராங்கேவின் கணக்கில் அவை நட்டம். அந்த வீடுகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், கையில் வந்த ஒரு பொருள் அப்பமாகவோ விறகாகவோ மாறியிருக்கலாம். அல்லது, அந்தப் பிள்ளைக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் வேண்டியிருந்திருக்கலாம். ஏழையின் வீட்டில் எது தேவை என்பதை வெளியே இருப்பவர் எழுதும் கணக்கு எப்போதும் முழுதாக இருப்பதில்லை.

ஆனாலும் பிராங்கே நல்ல நிர்வாகி. 1698-ல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதோடு ஒரு மருந்தகம், ஒரு புத்தகக் கடை, ஓர் அச்சகம். அங்கே தயாரான 'எசென்ஷியா டுல்சிஸ்' என்ற மருந்து ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு விற்பனைக்குப் போனது. அந்த லாபம் அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1701-ல் அவர் எழுதிய ஒரு நூலில், செலவுக்குப் பணமே இல்லாத நாளில் சரியாக எங்கிருந்தோ பணம் வந்து சேர்ந்த சம்பவங்களை வரிசையாகச் சொல்கிறார். அது பக்தி நூல்தான். அதே நேரத்தில், கட்டடம் பாதியில் நிற்கிறது, கூலி கொடுக்க வேண்டும், நாளைக்கு என்ன செய்வது என்று தவிக்கிற ஒரு வீட்டுத் தலைவரின் கணக்கும்கூட. 1727-ல் அவர் இறந்தபோது அந்த வளாகத்தின் பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த வளாகத்தில் எனக்குப் பிடித்த இடம் மாடத்தில் இருக்கிற அதிசயப் பொருள் அறை. 1698-லேயே அதற்கான சேகரிப்பு தொடங்கிவிட்டது. 1741 வாக்கில் இப்போதுள்ள ஓவியம் தீட்டிய அலமாரிகளோடு அது ஒழுங்கு செய்யப்பட்டது. சுமார் 3,000 பொருள்கள்: சங்குகள், முதலை, கோள்களின் மாதிரி, இந்தியாவிலிருந்து போன பொருள்கள். தனக்கென்று எதுவும் இல்லாத பிள்ளைகள் படிக்கிற வளாகத்தின் உச்சியில், உலகத்தின் பொருள்களெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. பிராங்கே அவற்றைப் பாடம் சொல்லத்தான் சேர்த்தார். ஆனால் பார்க்கலாம், தொடக் கூடாது, எடுத்துப்போக முடியாது என்ற அந்த நிலையை நம்மில் பலர் வேறு கண்ணாடிகளுக்கு முன்னால் அனுபவித்திருக்கிறோம். தீபாவளிக்கு முந்திய வாரம் நகைக்கடை வாசலில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அலமாரிகளுக்கு இந்தியப் பொருள்கள் தரங்கம்பாடியிலிருந்து போயின. நாமும் அங்கே போவோம். ஹாலேவில் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று புளுட்சோவோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் தமிழ் படித்தார். 1708-க்குள் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். நமக்குச் சின்ன வயதில் திண்ணையிலும் பள்ளியிலும் சொல்லித் தரப்பட்ட ஒழுக்கம், சிக்கனம் எல்லாம் அப்படி ஒரு ஜெர்மன் கையெழுத்துப் பிரதிக்குள் போயின.

சுவடிகளை எப்படிச் சேர்த்தார் என்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். தன் தமிழ் எழுத்தர்களைப் பல நாள் பயணமாக ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் மனைவியரைச் சந்திக்கச் செய்து, பல சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார். இலக்கிய வரலாற்றில் இது ஒரு சேகரிப்பாளரின் சாமர்த்தியம். வீட்டுக் கணக்கில் இதற்கு வேறு பெயர். சம்பாதித்தவர் போய்விட்டார், வீட்டில் விற்கக்கூடியது என்று மிஞ்சியது அவர் படித்த ஓலைகள். விலை பேசத் தெரியாத அல்லது பேச முடியாத ஒரு பெண் அதைக் கொடுத்துவிடுகிறார். பழஞ்சுவடிக் கட்டுகளைக் கண்ணாடிப் பேழைகளில் பார்க்கும்போது அந்த வீட்டு வாசல்களும் எனக்கு ஞாபகம் வரும்.

அதே 1708-ல் தரங்கம்பாடியில் இன்னொரு விதவையின் வழக்கு நடந்தது. அவர் ஒரு தமிழ் நாவிதரின் மனைவி. இறந்துபோன கணவருக்கும், டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையிலான கடன் தகராறு அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. சீகன்பால்கு அவருக்காகப் பரிந்து பேசினார். தேவாலயத்தில் தளபதியின் முன் மண்டியிட்டு முறையிடும்படி அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொன்னார். கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கு இது தன் அதிகாரத்துக்கு விடப்பட்ட சவாலாகப் பட்டது. நேரில் வரச் சொன்னபோது சீகன்பால்கு எழுத்தில் அழைப்பாணை கேட்டார். கைது செய்யப்பட்டார். 1708 நவம்பரிலிருந்து 1709 மார்ச் வரை நான்கு மாதம் சிறை.

சீகன்பால்கு சிறை சென்றதை எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. மதப் பூசல், அதிகாரப் போட்டி என்று காரணம் காட்டுவார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதன் விதை ஒரு நாவிதர் வீட்டுக் கடன். அந்தப் பெண்ணின் பெயர் நம் கையில் இல்லை. கடன் வாங்கியவர் இறந்தபின் மனைவி மண்டியிட வேண்டும் என்ற இடத்தில்தான் கடன் குற்றமாக மாறுகிறது. கடமை என்றால் எவ்வளவு, எப்போது, எப்படி என்று பேசலாம். குற்றம் என்றால் மன்னிப்புக் கேட்க மட்டுமே முடியும்.

இனி மிஷனின் சொந்த வீட்டுக் கணக்கு. ஐரோப்பாவிலிருந்து பணம் கப்பலில் வர வேண்டும். 1708-ல் கடல் கடந்து வந்துசேர்ந்த பணம், கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியில் படகு கவிழ்ந்து கடலுக்குள் போனது. கரையில் நின்று பார்த்தவர்களின் மனநிலையை, ஊரிலிருந்து பணம் வரும் என்று காத்திருந்த எந்த மாணவரும் அறிவார்.

1713-ல் ஹாலேவில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்துகள் பெரிதாக இருந்தன. அச்சிட்டால் காகிதம் நிறையத் தின்றது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய அரிய பொருள். என்ன செய்தார்கள்? லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. சங்கத்தார் பாலாடைக்கட்டிகளை ஈய உறைகளில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதம் செய்ய ஒரு பட்டறையும் போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்துகளால்தான் 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது. பிஸ்கட் டின்னைக் கழுவி அரிசி போட்டு வைக்கிற வீட்டில் வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கனம் அந்நியமானதே இல்லை.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவு செய்தவர்கள் மேல்தான் ஊதாரித்தனக் குற்றச்சாட்டு வந்தது. மிஷனை நிர்வகிக்க 1714-ல் கோபன்ஹேகனில் ஓர் ஆட்சிக்குழு அமைந்தது. அதன் செயலாளர் கிறிஸ்டியன் வெண்ட். அப்போஸ்தலர்கள் கையில் காசில்லாமல் போனார்கள், நீங்களும் அப்படிப் போக வேண்டும், கட்டடமும் பள்ளியும் எதற்கு என்பது அவருடைய எண்ணம். தரங்கம்பாடியிலோ பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். சபை பெருகியதால் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டி 1718 அக்டோபர் 11 அன்று திறந்தார்கள். வெண்ட் எழுதிய கடுமையான கடிதங்கள் சீகன்பால்குவின் கடைசி நாட்களில் அவரை உடைத்துவிட்டன. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் இறந்தார். அவருடன் உழைத்த கிரண்ட்லர் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார்.

வெண்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வறுமையைப் புண்ணியமாக மதித்தவர். ஆனால் அது அவருடைய வறுமை இல்லை. அடுத்தவர் வீட்டுச் செலவை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து எழுதினார். இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற நாம், ஊரில் இருக்கிற தங்கையிடம் "எதுக்கு இப்போ புது ஃபிரிட்ஜ்?" என்று தொலைபேசியில் கேட்பதில்லையா? அந்த நேரத்தில் நமக்குள் ஒரு சின்ன வெண்ட் உட்கார்ந்திருக்கிறார்.

நூற்றாண்டுகளைத் தாண்டி மறுபடி ஹாலேவுக்கே வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது கிழக்கு ஜெர்மனி. பக்கத்தில் லொய்னா, ஷ்கோபௌ என்ற இரண்டு இடங்களில் மாபெரும் ரசாயன ஆலைகள். 1958-ல் லொய்னாவில் கூடிய மாநாட்டில், உணவையும் வளத்தையும் அழகையும் ரசாயனம் தரும் என்று முழங்கினார்கள். ஆலைத் தொழிலாளருக்காக 1964 ஜூலை 15 அன்று ஹாலே நொய்ஷ்டட் என்ற புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தலைமைக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பௌலிக். தெருக்களுக்குப் பெயர் இல்லை. கட்டடத் தொகுதிகளுக்கு எண்கள்தான் முகவரி. பெயரைச் சுருக்கி மக்கள் வேடிக்கையாக 'ஹனோய்' என்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் 90,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள்.

இன்று அந்த அடுக்குமாடிகளைப் பார்த்து முகம் சுளிக்கலாம். அன்று அங்கே வீடு கிடைத்தவருக்குச் சுடுநீரும் வெப்பமூட்டலும் சொந்தக் குளியலறையும் கிடைத்தன. வாடகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 மார்க். ஆகவே சம்பளத்தில் பணம் மிஞ்சியது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மிஞ்சிய பணத்தில் வாங்கப் பொருள் இல்லை. மாதச் சம்பளம் ஆயிரம் மார்க்கைச் சுற்றி இருந்த நாளில் ஒரு வண்ணத் தொலைக்காட்சி நாலாயிரத்துக்கும் மேல். டிராபண்ட் காருக்குப் பதிவு செய்தால் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால் ஓட்டிய கார் புதுக் காரைவிடக் கூடுதல் விலைக்குப் போனது.

1972-லிருந்து இளம் தம்பதிகளுக்கு அரசு திருமணக் கடன் கொடுத்தது. 5,000 மார்க், வட்டி கிடையாது. வீட்டுச் சாமான் வாங்கத்தான் பெரும்பாலும் அது போனது. முதல் குழந்தை பிறந்தால் 1,000 மார்க் தள்ளுபடி, இரண்டாவதுக்கு 1,500, மூன்றாவதுக்கு 2,500. கூட்டிப் பாருங்கள், மூன்று குழந்தைகளில் கடன் தீர்ந்துவிடும். மக்கள் இதற்கு ஒரு வினைச்சொல்லே வைத்திருந்தார்கள்: குழந்தை பெற்றுக் கழிப்பது. சிரிக்கலாம். ஆனால் இங்கே கடன் மறுபடியும் கடமை ஆகிவிட்டது, கவனித்தீர்களா? நாட்டுக்குப் பிள்ளை பெற்றுத் தருகிற கடமை.

ஆசை எங்கே போய்ச் சேர்ந்தது என்றால் இன்டர்ஷாப் என்ற கடைகளில். மேற்கு நாடுகளின் பணம் இருந்தால் மட்டுமே அங்கே வாங்க முடியும். 1974-லிருந்து அந்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பதும் சட்டப்படி சரி என்றானது. காப்பி, சோப்பு, சாக்லேட் எல்லாம் கலந்த அந்தக் கடையின் வாசனையைப் பற்றி அந்தத் தலைமுறை இன்றும் பேசும். மேற்கே அத்தையோ மாமாவோ இருந்த வீட்டுக்கு அந்தக் கதவு திறந்தது. மற்றவருக்கு அது இன்னொரு கண்ணாடி அலமாரி. கொழும்பிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பெட்டிகள் திறக்கப்படும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்றது நினைவுக்கு வருகிறதா?

வீடுகளில் கடன் குறைவாக இருந்தது, கடன்பட்டது நாடு. மலிவு வாடகைக்கும் மானியத்துக்கும் மேற்கிலிருந்து கடன். 1983-ல் மட்டும் நூறு கோடி மார்க். 1989 அக்டோபர் கடைசியில் திட்டக் கமிஷன் தலைவர் கெர்ஹார்ட் ஷூரர் கட்சித் தலைமைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். கடன் மேலும் ஏறாமல் நிறுத்த வேண்டும் என்றாலே அடுத்த ஆண்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தை 25 முதல் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது அது. குடும்பத் தலைவர் வீட்டாரிடம் மறைத்து வைத்த கடன் சீட்டு கடைசியில் மேசைக்கு வந்தது போல.

இந்தக் கணக்குக்குள் தமிழர்களும் வருகிறோம். 1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களில் பலர், காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று, பயணத்துக்குப் பணம் புரட்டினார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போனார்கள். அந்த எல்லையை நாட்டெல்லையாக மேற்கு ஏற்காததால் அந்தப் பக்கம் சோதனை இல்லை. பயணச்சீட்டுப் பணம் கிழக்கின் கருவூலத்துக்கு உதவியது. 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. அதே மாதத்தில், இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வட்டியில்லா வணிகக் கடனின் உச்சவரம்பு 85 கோடியாக உயர்த்தப்பட்டது. இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையில் தொடர்புபட்டவை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கடன் வாங்கி வந்தவர்களின் பாதை, ஒரு நாட்டின் கடன் பேரத்தில் மூடப்பட்டது.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்குக்கு வந்தது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2,000, 60-க்குக் கீழே 4,000, அதற்கு மேலே 6,000 வரை ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் இரண்டுக்கு ஒன்று. ஒரே இரவில் கடை அலமாரிகள் மாறின. காத்திருந்த பொருளெல்லாம் எதிரில் வந்து நின்றது. அடுத்த சில ஆண்டுகளில், 40,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்த லொய்னா, ஷ்கோபௌ ஆலைகளில் பெரும்பாலான வேலைகள் போயின. முன்பு பணம் இருந்தது, பொருள் இல்லை. இப்போது பொருள் இருந்தது, சம்பளம் இல்லை. நடுவில் தபால்வழிக் கடைகளின் பட்டியல் புத்தகங்களும் தவணையும் வந்தன. அந்த மாதிரிக் கடைகளில் பெரியதான குவெல்லே, பக்கத்து லைப்சிக்கில் 1995-ல் பிரம்மாண்டமான அனுப்புகை மையம் திறந்தது. 2009-ல் அந்த நிறுவனமே திவாலானது. ஹாலே நொய்ஷ்டட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

நானும் ஜெர்மனிக்கு வந்த புதிதில் தவணையில் ஒரு பெரிய தொலைக்காட்சி வாங்கினேன். அப்போது எங்கள் வீட்டில் நாற்காலி இரண்டுதான். ஊரிலிருந்து அம்மா படம் அனுப்பச் சொன்னார். அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினோம். அது ஆசையா, தேவையா? "மகன் நல்லாயிருக்கான்" என்று அம்மா நாலு பேரிடம் சொல்வதற்குத் தேவைப்பட்டது. மூன்று தவணை தவறியதும் வந்த கடிதங்களை மனைவிக்குக் காட்டாமல் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். அவர் கோட்டைத் துவைக்க எடுத்த நாளில்தான் எங்கள் வீட்டில் முதல் முறையாக ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து "மொத்தம் எவ்வளவு, சொல்லுங்க" என்றார்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1999 முதல் ஜெர்மனியில் தனிமனிதர்களும் திவால் நடைமுறைக்குப் போகலாம். நீண்டகாலம் ஆறு ஆண்டாக இருந்த காத்திருப்பு, 2020 அக்டோபரிலிருந்து வந்த விண்ணப்பங்களுக்கு மூன்று ஆண்டு. ஒழுங்காக நடந்துகொண்டால் மிச்சக் கடனிலிருந்து விடுதலை. காரித்தாஸ், டியாகோனி போன்ற அமைப்புகளில் கடன் ஆலோசனை இலவசம். குற்றத்தையும் கடனையும் ஒரே வேரில் வைத்திருக்கிற மொழிக்காரர்கள், சட்டத்தில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். கடனைக் கடமை என்று சொல்லும் நாமோ, அதைக் குற்றமாகச் சுமக்கிறோம். சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை என்று நண்பர்களைத் தவிர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய கடனை ஏழு ஆண்டாகக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இரவு வேலைக்கும் போகிறவர்களைத் தெரியும். ஆலோசனை மையத்தின் வாசலில் ஒரு தமிழர் பார்த்துவிடுவாரோ என்று பக்கத்து ஊருக்குப் போகிறவர்களையும் தெரியும்.

அவர்களிடம் ஆசைப்படாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பிராங்கே, வெண்ட், கிழக்கு ஜெர்மனியின் திட்டக் கமிஷன் என்று எல்லோருமே அடுத்தவருக்கு எது போதும் என்று எழுதிப் பார்த்தார்கள். 23 புத்தகங்கள் திரும்பி வரவில்லை. தரங்கம்பாடியில் தேவாலயம் எழுந்தது. இன்டர்ஷாப் வாசனை யாருக்கும் மறக்கவில்லை. ஆசையை வெளியிலிருந்து யாரும் அளந்து கொடுக்க முடிந்ததில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் அந்த வீட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்கள். அதற்கு அந்தக் கடிதங்கள் கோட்டுப் பையிலிருந்து மேசைக்கு வர வேண்டும். கடன் என்பது நம் மொழியில் செய்து முடிக்க வேண்டிய ஒன்று. செய்து முடிக்க வேண்டிய வேலையை வீட்டில் மறைக்க வேண்டியதில்லை.

ஹாலேவுக்குப் போனால் ஓலைச்சுவடிகளைப் பார்க்கக் கேளுங்கள். பிறகு டிராமில் ஏறி ஆற்றைக் கடந்து நொய்ஷ்டட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. கேள்விகள் இருந்தால் பேசலாம். உங்கள் வீட்டுக் கணக்கை நான் கேட்க மாட்டேன்.